ஃபிர்மேனின் மேல் வரிசை

ஊலிஸ் சவ்வா கையெழுத்துப் போடாமல் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நதீன் ரொபிஷோ கவிழ்த்துப் போட்ட பால் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பதிப்பகம் அனுப்பிய அனுமதித் தாள். ஊலிஸின் அப்பா வரைந்த படங்களைப் புத்தகத்தில் அச்சிட வாரிசின் ஒப்புதல் வேண்டும் என்று பதிப்பகத்தார் மூன்றாம் முறையாக நினைவூட்டியிருந்தார்கள். உறைந்த விரிகுடாவின் மேல் நிற்கும் மீன்பிடிக் குடிசை அது. மூலையில் விறகடுப்பு, தரையில் நீளவாக்கில் ஒரு திறப்பு, திறப்புக்குக் கீழே கறுப்புத் தண்ணீர். வெளியே காற்று பலகைச் சுவரில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. நெகுவாக் கரையிலிருந்து பனியின் மேல் நடந்து வந்ததில் அவளுடைய கன்னங்கள் இன்னும் மரத்திருந்தன.

எப்பர்லான் மீன்கள் விரல் நீளத்துக்கு வாணலியில் வரிசையாகக் கிடந்தன. ஊலிஸ் ஓய்வு பெற்ற காப்பீட்டு முகவர். நாற்பது வருடம் மற்றவர்களைக் கையெழுத்துப் போட வைத்தவர் என்பதால் தன் கையெழுத்தை மட்டும் சுலபத்தில் தருவதில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

"எங்கப்பன் கிறுக்கினதுக்கு நீ புத்தகம் போடுற, டீச்சரம்மா. யாரு படிப்பா?"

"படிக்கறவங்க இருக்காங்க."

"இருந்தா சரி. எனக்கு ஒண்ணு குடு. அடுப்புக்கு ஆகும்."

பேனாவைத் தேடி அவர் திரும்பியபோதுதான் அவள் சுவரைப் பார்த்தாள்.

கண்மட்டத்தில் நீளமான அட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆணி அடிக்கப்பட்டிருந்தன. இரண்டு முழ நீளம், ஒரு சாண் அகலம். புகையில் தேன் நிறமாகிப் போயிருந்தன. முதலில் ஏதோ பழைய நாட்காட்டி என்று நினைத்தாள். பிறகு அந்த மூக்கு தெரிந்தது. ஃபிர்மேனின் மூக்கு. கலங்கரை விளக்கத்துக் காவல்காரன் ஃபிர்மேன், பத்தொன்பது வருடம் சனிக்கிழமைதோறும் பத்திரிகையில் வந்த படக்கதை நாயகன். அவள் தன் வாழ்க்கையில் பதினொரு வருடத்தைக் கொடுத்த மூக்கு.

ஒவ்வொரு அட்டையிலும் மூன்று கட்டங்கள். கீழ் ஓரத்தில் ஊலிஸின் அப்பா ஓனேசிம் சவ்வாவின் சாய்ந்த எழுத்தில் தேதி.

அவள் எழுந்து அருகில் போனாள். ஒரு அட்டையில் 12 மார்ச் 1955 என்றிருந்தது. அந்தத் தேதியை அவளால் தூக்கத்திலும் சொல்ல முடியும். அது அவள் புத்தகத்தின் அட்டைப்படம்.

"இது எங்கே இருந்து வந்தது?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் தோளைக் குலுக்கினார். அக்கா ஆவணக் காப்பகத்துக்கு அப்பாவின் பெட்டிகளைக் கொடுத்தபோது இதையெல்லாம் எடுத்துக் கீழே போட்டுவிட்டாளாம். மேல் வரிசைதானே, பத்திரிகைக்காரர்களே வெட்டி எறிந்ததுதானே, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்றாளாம். நல்ல தடிமனான அட்டை, காற்று உள்ளே வராது என்று அவர் இங்கே கொண்டுவந்து அடித்துவிட்டார். மோன்ரெயாலில் இருக்கும் பெரிய பத்திரிகைகள் வாங்கியிருந்தால் முழுப் பக்கமும் போட்டிருக்கும், யாரும் வாங்கவில்லை. நம்ம ஊர்ப் பத்திரிகைக்கு அவ்வளவு இடம் ஏது? கீழே இருக்கும் இரண்டு வரிசையைப் போட்டுவிட்டு, மேலே டயர்க்கடை விளம்பரம். அப்பா அதற்காகவே மேல் வரிசையைத் தனி அட்டையில் வரைவாராம்.

அந்த டயர்க்கடை விளம்பரத்துக்கு நதீன் ஒரு அடிக்குறிப்பு எழுதியிருந்தாள்.

"நாளன்னைக்கு உன் பேச்சுக்கு வரேன்ல. அப்போ இதையும் கழட்டிக் கொண்டாரேன்," என்றார் ஊலிஸ், கையெழுத்தைப் போட்டபடி. "எல்லாரும் பார்க்கட்டும். எப்படியும் பனி உருகறதுக்கு முன்னால இந்த வாரம் குடிசையைக் கரைக்கு இழுத்தாகணும்."

மீனை அவள் சாப்பிட்டாள். என்ன ருசி என்று தெரியவில்லை.

*

காரில் உட்கார்ந்து இன்ஜினை ஓட விட்டுவிட்டு நெடுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் புத்தகத்தில் உள்ள 12 மார்ச் 1955 இப்படித் தொடங்கும்: ஃபிர்மேன் ஏற்கெனவே தண்ணீரில் கிடக்கிறான். தொப்பி மிதக்கிறது. அவன் மேலே பார்க்கிறான். மேலே யாரும் இல்லை. யார் தள்ளினார்கள், ஏன் விழுந்தான், எதுவும் இல்லை. எல்லா வாரமும் அப்படித்தான். கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருக்கும். சூப் ஏற்கெனவே கொட்டியிருக்கும். விபத்து முடிந்த பிறகுதான் கதை தொடங்கும். இதற்கு அவள் 'தாமத நுழைவு' என்று பெயர் வைத்தாள். சொந்த மண்ணிலிருந்து கப்பல் கப்பலாக விரட்டப்பட்ட, பிரெஞ்சு பேசும் அக்காடியர்கள் நாங்கள். எங்கள் ஓவியன் பேரழிவுக்குப் பிறகுதான் தொடங்குவான், தள்ளிய கையை வரையவே மாட்டான், அந்த வரையாத கைதான் எங்கள் சரித்திரம் என்று முதலில் ஒரு கட்டுரையாக எழுதினாள். அதைப் படித்த கியூபெக் பேராசிரியர் பூலியான், அந்தத் துறையில் எல்லோரும் பார்த்துப் பயப்படும் மனிதர், தன் பெரிய நூலில் ஒரு முழு அத்தியாயத்தை அதன் மேல் கட்டினார்.

குடிசைச் சுவரில் இருந்த மூன்று கட்டங்களில் ஃபிர்மேன் ஏணியில் ஏறிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறான். ஒரு ஆடு வருகிறது. ஆடு ஏணியை முட்டுகிறது.

அமெரிக்கப் பத்திரிகைகள் மேல் வரிசையை இப்படி வெட்டுவது வழக்கம் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அவளே அதைப் பாடமாக நடத்துகிறாள். ஞாயிறு இணைப்புகளைப் படிக்கும்போது முதலில் முழுப் பக்கமா என்று பாருங்கள் என்று கரும்பலகையில் எழுதுவாள். ஆனால் அதெல்லாம் பெரிய ஊர்களின் சமாச்சாரம். நாலு மீன்பிடிக் கிராமத்துக்கு வரும் பிரெஞ்சுப் பத்திரிகையில் யார் எதை வெட்டப் போகிறார்கள்? எங்களுடையது ஏழைச் சரக்கு, அதனாலேயே முழுசாக இருக்கும் என்று நம்பிவிட்டாள். காப்பகத்தில் இருந்த மூல ஓவியங்களும் இரண்டே வரிசை. பத்திரிகையும் இரண்டே வரிசை. இரண்டும் பொருந்தின. பொருந்தியதும் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை இது. வியாழனன்று அவள் பொதுப் பேருரை. பணி நிரந்தரம் கேட்பவர்கள் குழு வாக்களிக்கும் முன் ஊரார் முன்னால் ஒரு முறை பேச வேண்டும் என்பது அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் வழக்கம். வெள்ளியன்று ஐந்து பேர் கூடி அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். ஏழு வருடமாக ஒப்பந்தத்திலேயே ஓட்டியாகிவிட்டது. இந்த முறை இல்லையென்றால் இன்னொரு முறை கிடையாது.

*

மறுநாள் காலை துறைத் தலைவர் ரெயால் கோத்ரோ தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்தவுடன் ஜன்னலுக்குப் போய்ப் பனி அள்ளும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய உருவம், சின்னக் குரல். முப்பது வருடமாக அந்த ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறையை மூடவிடாமல் காப்பாற்றியதுதான் அவர் செய்த ஒரே ஆராய்ச்சி என்று அவரே சொல்வதுண்டு.

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். ஊலிஸுக்குத் தெரியும், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது என்றாள். நல்லது என்றார்.

"நாளைக்குப் பேசறப்போ அட்டைப்படத்தைத் தொடாதே. உன் வகுப்பைப் பத்திப் பேசு. படக்கதையை வச்சு மொழி எப்படிச் சொல்லித் தர்றேன்னு பேசு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"அதுவும் இதுமேலதான் நிக்குது, ரெயால்."

அது உண்மை. அவளுடைய முதலாண்டு வகுப்பு பல்கலைக்கழகத்தில் பேர்போனது. ஒரு வார்த்தை பிரெஞ்சு பேசாத மரம்வெட்டிகளின் பிள்ளைகள், ஹாக்கி விளையாட வந்த பையன்கள், எல்லோருக்கும் ஃபிர்மேனின் ஒரு பக்கத்தைக் கொடுப்பாள். முதல் கட்டத்துக்கு முன்னால் என்ன நடந்தது, சொல்லுங்கள் என்பாள். அவ்வளவுதான். தண்ணீரில் கிடப்பவனைப் பார்த்ததும் அவர்களுக்கு இறந்தகாலம் தேவைப்பட்டுவிடும். கை தூக்கிக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

ரெயால் திரும்பினார்.

"கவனமாக் கேளு. உனக்கு ஓட்டு விழலைன்னா இந்த இடத்தை டீன் நர்சிங் துறைக்குக் குடுத்துடுவாரு. நான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிப் போயிடுவேன். அப்புறம் இங்க பிரெஞ்சுன்னு சொல்ல பிரெஞ்சு வனிலா ஊத்தற ஒரு காபி மெஷின்தான் மிஞ்சும். உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசாம இருன்னு சொல்றேன். ஓட்டு முடிஞ்சதும் நீயே பதிப்பகத்துக்குப் போன் பண்ணி நிறுத்து."

"ஓட்டுக்கு அப்புறம் சொன்னா மட்டும் என்ன வித்தியாசம்?"

"பர்மனென்ட் ஆனவ தப்பைத் திருத்தினா அதுக்குப் பேரு நேர்மை. ஒப்பந்தத்துல இருக்கறவ திருத்தினா அதுக்குப் பேரு தகுதியில்ல."

அதில் தவறு எதையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் இந்த இடத்தைத் தனக்காகக் கேட்கவில்லை. அதுதான் அவளை இன்னும் இறுக்கியது.

மதியம் வகுப்பில் அவள் ஃபிர்மேனைத் தரவில்லை. சந்தைக்குப் போகும் உரையாடல் ஒன்றை வாசிக்க வைத்தாள். மாணவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாலையில் ஊலிஸைத் தொலைபேசியில் அழைத்தாள். மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டு மூன்று முறையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். நான்காம் முறை அவரே எடுத்தார்.

நாளைக்கு வாருங்கள், ஆனால் அட்டைகளைக் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னாள். காரணம் எதையோ சொன்னாள்: வெளிச்சம், ஈரம், பழைய தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது வருடம் காப்பீடு விற்றவரிடம் சுற்றி வளைத்துப் பேசக் கூடாது என்று அவளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

"கழட்டி வண்டியில வச்சிட்டேனே. என்ன, எங்கப்பன் படம் அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"அது இல்லை." அவள் கண்களை மூடிக்கொண்டாள். "அந்த மேல் வரிசை இருக்குன்னு நாளைக்குத் தெரிஞ்சா, நான் எழுதினது தப்புன்னு ஆயிடும்."

அந்தப் பக்கம் ரேடியோவில் ஹாக்கி வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"உனக்கு வேலை போயிடுமா?"

"போகலாம்."

"அப்போ யார்கிட்டயும் சொல்லலை," என்றார். "இதுக்கு எதுக்கு ஈரம், வெளிச்சம்னுட்டு. நேரா சொல்லேன்."

*

வியாழன் மாலை அரங்கம் நிரம்பியிருந்தது. அதற்குக் காரணம் ஃபிர்மேன்தான். கரையோர ஊர்களிலிருந்து கார் காராக வந்திருந்தார்கள். சனிக்கிழமைப் பத்திரிகையைத் தரையில் பரப்பிப் படுத்துக்கொண்டு படித்தவர்கள். பனிக்காலணிகளின் உப்பும் ஈரக் கம்பளியும் கலந்து ஒரு வாசனை. முன்வரிசையில் நாளைய குழுவில் இருக்கும் இருவர்: டீன், அவர் பக்கத்தில் பூலியான். கியூபெக்கிலிருந்து பனிப்புயலில் ஒன்பது மணிநேரம் ஓட்டி வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து, நாளைக்கு உங்களை வாழ்த்துகிற பாக்கியம் எனக்குத்தான் என்று காதோரம் சொன்னார். ஊலிஸ் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், முடியை நீர் தொட்டு வாரிக்கொண்டு, கழுத்துப்பட்டை கட்டி உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை.

ரெயால் சொன்னபடியே அவள் வகுப்பைப் பற்றிப் பேசினாள். எப்படி ஒரு படம் வாயை மூடிக்கொண்டிருக்கும் பையனையும் பேச வைக்கிறது என்று சொன்னாள். சிரித்தார்கள். கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியை வாசகன் எப்படித் தன் சொற்களால் நிரப்புகிறான் என்று சொன்னாள். தலையாட்டினார்கள். அட்டைப்படத்தைத் திரையில் காட்டாமல் முடித்துவிட முடியும் என்று அவளுக்கு நம்பிக்கை வந்துகொண்டிருந்தது. வாய் தன்பாட்டில் பேசியது. மூளையின் ஒரு மூலை மட்டும், வேறெங்கோ பனியின் மேல் தனியாக நிற்கிற ஒரு ஆளைப் போல, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. கைதட்டல் விழுந்தது. ரெயால் பெருமூச்சு விட்டது மேடை வரைக்கும் தெரிந்தது.

கேள்வி நேரத்தில் பூலியான்தான் முதலில் எழுந்தார். இவ்வளவு அடக்கமாக இருக்கலாமா என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, அந்தப் புகழ்பெற்ற பக்கத்தைக் காட்டாமல் எங்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்களா என்றார். கணினியை இயக்கிக்கொண்டிருந்தவர் அதைத் தேடி எடுத்துவிட்டார். திரை முழுக்க ஃபிர்மேன் தண்ணீரில் கிடந்தான்.

பூலியான் கூட்டத்தின் பக்கம் திரும்பி அவளுடைய கருத்தை அவளை விட அழகாகச் சொன்னார். வரையப்படாத கை. தொடக்கம் பறிக்கப்பட்ட மக்கள். பின்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நதீன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாளும் பிடிக்காத அளவுக்கு அந்தக் கருத்து அவளுக்கே அப்போது பிடித்திருந்தது.

டீன் வேதியியல் ஆள். இந்த மாதிரி இடங்களில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நினைப்பவர்.

"எனக்கு ஒரு சந்தேகம். இது வேணும்னே செஞ்சதுதானா? ஒருவேளை பாதிப் பக்கம் எங்கயாவது விழுந்து போயிருக்குமோ?"

அரங்கம் சிரித்தது. பூலியான் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். நதீனும் சிரித்தாள். உதடுகள் விரிந்தது அவளுக்குத் தெரிந்தது. ஒரு சிரிப்போடு இது போய்விடும். அடுத்த கேள்வி வரும். பிறகு சீஸும் ஒயினும் வரும்.

அப்போது ஊலிஸ் எழுந்தார்.

அவர் யார் என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அமைதியானார்கள். அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, விற்பனைக்கு வந்தவரின் பழைய குரலில், டீனைப் பார்த்துப் பேசினார்.

"நான் ஓனேசிம் மகன். எங்கப்பா எப்பவுமே அப்படித்தான் போடுவாரு. பாதியிலதான் ஆரம்பிப்பாரு. மேல ஒண்ணும் கிடையாது. டீச்சரம்மா எழுதியிருக்கறது அத்தனையும் சரி."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்து உட்கார்ந்தார். ஒரு வாடிக்கையாளரின் வீட்டுக் கணக்கைச் சுமுகமாக முடித்துக் கொடுத்தவரைப் போல.

கைதட்டினார்கள். பூலியான் கையை உயர்த்திக் கைதட்டினார். ரெயாலின் முகத்தில் நிம்மதி ஒரு விளக்கு மாதிரி ஏறியது. இனி அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஓவியனின் மகனே சாட்சி சொல்லியாகிவிட்டது. நாளை இதைக் குழுவின் குறிப்பில் எழுதிக்கொள்வார்கள். நாளை மறுநாள் இது யாருடைய ஆய்விலோ மேற்கோளாகும். அப்பாவின் ஆட்டையும் ஏணியையும், அவர் உட்கார்ந்து வரைந்த ஆயிரம் மேல் வரிசைகளையும், மகன் அவளுக்காக இல்லாமல் ஆக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அவர் எனக்காகச் சொல்றார்," என்றாள்.

ஒலிபெருக்கி அதைச் சரியாகப் பிடிக்கவில்லை. அவள் குனிந்து மறுபடியும் சொன்னாள்.

"முசியே சவ்வா எனக்காகப் பொய் சொல்றார். மறைக்கச் சொல்லி நான்தான் கேட்டுக்கிட்டேன். மேல ஒரு வரிசை இருக்கு. எல்லா வாரமும் இருந்திருக்கு. நம்ம ஊர்ப் பத்திரிகை அதை வெட்டிட்டு விளம்பரம் போட்டிருக்கு. நான் வெட்டின பக்கத்தைப் பார்த்துட்டுப் புத்தகம் எழுதியிருக்கேன். செவ்வாய்க்கிழமை தெரிஞ்சுது."

டீன் இருக்கையில் முன்னால் சாய்ந்தார்.

"அப்போ அவனை யார் தள்ளினது?" என்று டீன் கேட்டார். இந்த முறை வேடிக்கைக்காக இல்லை.

"ஒரு ஆடு."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னும் சிலர். அவள் இன்னும் நகைச்சுவையைத் தொடர்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தவுடன் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்து போனது. பூலியான் சிரிக்கவில்லை. தன் மடியில் இருந்த குறிப்புத் தாளை நாலாக மடித்தார், அதை எட்டாக மடித்தார்.

*

நடையில் பூலியான் அவளுக்காகக் காத்திருந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு பொத்தான்களை மேலிருந்து கீழே போட்டுக்கொண்டே பேசினார். சீஸ் தட்டுகள் இருந்த கூடத்தில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம், மதாம் ரொபிஷோ."

முன்பு நதீன் என்றுதான் கூப்பிடுவார்.

"நானும் மேடையில சொல்றதா இல்லை."

"அது தெரிஞ்சுது. என் புத்தகத்துல உங்களை நம்பி ஒரு அத்தியாயம். ஆறு வருஷமா பசங்க அதைப் படிக்கிறாங்க. இன்னைக்கு இத்தனை பேர் முன்னாடி நானே எழுந்து அதை விளக்கியிருக்கேன்." கடைசிப் பொத்தானைப் போட்டார். "நேர்மைக்கு நல்லா நேரம் பார்த்தீங்க."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பனிக்குள் இறங்கினார். ரெயால் அவளிடம் பேசவே வரவில்லை. மேசையில் இருந்த காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அது அவர் வேலை இல்லை.

ஊலிஸ் மட்டும் வாசலில் நின்றார். அவருக்குக் கோபமா வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நல்லா வித்துக் குடுத்தேன். நீயே கெடுத்துட்டியே, டீச்சரம்மா."

"நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்."

"உனக்கு வேலை வேணும்னே." கையுறையை இழுத்து மாட்டினார். "செத்தவருக்கு என்ன, ஆடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன." கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பினார். "ஆனா அந்த ஆடு நல்லாத்தான் போட்டிருக்காரு."

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. பத்து மணிக்கு அவளுக்கு முதலாண்டு வகுப்பும் இருந்தது. விடுப்பு எடுக்கலாம் என்று செயலாளர் சொன்னாள். அவள் எடுக்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட இது மேல்.

படம் எதையும் கொண்டுபோகவில்லை. நேற்று என்ன செய்தீர்கள், ஆளுக்கு ஒரு கதையாகச் சொல்லுங்கள் என்றாள். கோல்பி எழுந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்த கோல்கீப்பர். வகுப்பு தொடங்கிய செப்டம்பரிலிருந்து இன்றுவரை நாலு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசாதவன். நேற்று தன் நாய், என்று ஆரம்பித்தான். நாய் என்ன செய்தது? நாய் தன் கையுறையை, என்றான். நின்றுவிட்டான். காது சிவந்தது. பின்னால் யாரோ சொல்லிக் கொடுக்க வாயெடுத்தார்கள். நதீன் கையைக் காட்டி நிறுத்தினாள். மொழி சொல்லித் தருவதில் அவள் கற்றது இந்த ஒன்றைத்தான்: தேடுகிறவனை அவசரப்படுத்தக் கூடாது.

கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெயால் வந்து நின்றார்.

அவர் கோட்டு போட்டிருக்கவில்லை. கூட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை, எழுதாமல் இருக்க அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அவள் கால் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தது. கோல்பி அதைப் பார்த்துவிட்டான், உட்காரப் போனான்.

"இல்லை, சொல்," என்றாள் பிரெஞ்சில். "காத்துக்கிட்டிருக்கேன்."

அவன் மறுபடியும் நிமிர்ந்தான். நாய். கையுறை. கூரையைப் பார்த்தான், காலணியைப் பார்த்தான். அறையின் சூடேற்றும் குழாய் ஒரு முறை இருமி அடங்கியது. ரெயாலும் கண்ணாடிக்கு வெளியே அசையாமல் நின்றார். அவரும் ஆயுள் முழுக்க வாத்தியார்தான். கோல்பி, என் நாய் என் கையுறையைத் தின்றுவிட்டது என்றான். அதோடு நிறுத்தவில்லை. அதனால் நான் நேற்று ஆட்டத்துக்குப் போகவில்லை, அம்மா சிரித்தாள், நான் சிரிக்கவில்லை என்று தொடர்ந்து சொல்லிவிட்டு, தானே ஆச்சரியப்பட்டவன் போல உட்கார்ந்தான். வகுப்பு மேசைகளைத் தட்டியது.

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ரெண்டுக்கு மூணு," என்றார் ரெயால்.

"நமக்கு?"

"நமக்கு ரெண்டு." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "டீன் உனக்குப் போட்டாரு. நம்புவியா? அந்த ஆடு அவருக்குப் பிடிச்சிருக்காம். பூலியான் போடலை. வாயே திறக்கலை, வேணாம்னு கையை மட்டும் தூக்கினாரு."

"எனக்கு வேலை எதுவரைக்கும்?"

"ஜூன்."

இடம் நர்சிங்குக்கா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தன் மேல் கோபமா என்று கேட்டாள். ஆமாம் என்றார். ரொம்ப நாளைக்கு இருக்கும் என்றார். பிறகு அந்தப் பெரிய கையை அவள் தோளில் ஒரு கணம் வைத்தார், ஏதோ சரிந்து விழப்போவதைத் தாங்குகிற மாதிரி. எடுத்துக்கொண்டு நடையில் திரும்பிப் போனார்.

அவள் உள்ளே வந்தாள். இருபது முகங்கள். கெட்ட செய்தியா, மதாம் என்று கோல்பி உட்கார்ந்தபடியே பிரெஞ்சில் கேட்டான்.

ஆமாம் என்றாள். மேசையின் விளிம்பில் சாய்ந்து நின்றாள். வகுப்பு முடிய இன்னும் பாதி நேரம் இருந்தது.

"அடுத்தது யாரு? நேத்து என்ன ஆச்சு, சொல்லுங்க."